கன்னத்தின் உட்புறம்

இவளை எனக்குத் தெரியும். முகம்தான் பிடிபடவில்லை. வாயைத் திறக்கச் சொன்னால் இன்னார் என்று சொல்லிவிடுவேன்.

நடைகூடத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த பெண்ணைக் கடந்து போகும்போது மங்கையர்க்கரசிக்குள் ஓடிய நினைப்பு இது. அடுத்த கணமே தன் மேலேயே கூச்சமாக இருந்தது. மனிதர்களை இப்படியா நினைவில் வைப்பார்கள்? ஆனால் ஐந்து வருஷ வேலை அவளை அப்படி ஆக்கி வைத்திருந்தது. கவலைப்பட்டால் கன்னத்தைக் கடிக்கிறவர்களுக்கு உட்புறத்தில் பல்வரிசைக்கு நேராக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். சிகரெட் பிடிக்கிறவர்களுக்குச் சாம்பல் பூத்த மாதிரி திட்டுகள். பல வருஷம் பாக்கு மென்றவர்களுக்கு வாயே முழுசாகத் திறக்காது. முகத்தைப் போல் வாய் நடிப்பதில்லை. அதனாலேயே அவளுக்கு வாய்களிடம் ஒரு மரியாதை உண்டு.

பாளையங்கோட்டையில் வாய்க்கால் பாலத்துக்கு அடுத்து இருக்கிற மஞ்சள் கட்டடத்துக்கு இசைவகம் என்று பெயர். பிரியப்போகிற கணவன் மனைவி, வீட்டை இரண்டாக வகுக்க வந்த அண்ணன் தம்பி, பிள்ளை யாரிடம் வளர்வது என்று வழக்காடுகிறவர்கள், எல்லோரும் நீதிமன்றப் படியேறும் முன் இங்கே வந்து ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும். பேச உட்காருமுன் ஆளுக்கொரு கன்னத்தாள் ஒட்டப்படும். வெங்காயச் சருகைப் போல மெல்லியது, கட்டைவிரல் நகத்தளவு. கன்னத்தின் உட்புறத்தில் வைத்து ஒரு நிமிஷம் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இருபது நிமிஷத்தில் கரைந்துவிடும். கரைந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குப் பயமும் ஆத்திரமும் ஓய்ந்திருக்கும். தூக்கம் வராது, புத்தி மழுங்காது. எதிராளி சொல்வது காதில் விழும், அவ்வளவுதான். மங்கையின் வேலை வாயைப் பார்ப்பது, தாளை ஒட்டுவது, இருபது நிமிஷம் கழித்து எச்சிலைப் பஞ்சில் எடுத்து அதில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதுவது. ஊழியர்கள் அவளை 'வாய் மேடம்' என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

"டாக்டரம்மா."

பெஞ்சில் இருந்தவள் எழுந்து பின்னாலேயே வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். பாதங்களில் உப்பு அரித்த வெடிப்புகள்.

"நான் டாக்டர் இல்லம்மா. தாள் ஒட்டுறவ. இன்னைக்குக் கேஸ் உண்டா ஒங்களுக்கு?"

"கேஸெல்லாம் முடிஞ்சு ரெண்டு வருசமாச்சு. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு மத்தியானப் பஸ்ஸுக்குப் போயிருவேன்."

பெயர் சண்முகக்கனி என்றாள். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை. புருஷன் ராஜதுரைக்கு ஓசூரில் கம்பெனி உத்தியோகம். மகள் நிவேதிகாவுக்கு அப்போது நாலு வயது. மகளை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் வழக்கு.

மங்கை அவளைச் சோதனை அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குப்பிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் கனி.

"அன்னைக்கு நான் ஏன் அழல, டாக்டரம்மா?"

"எப்பம்மா?"

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கு. பஸ்ல வரும்போது ஒரே ஒரு சொல்தான் மனசுல வச்சிருந்தேன். பிள்ளைய விட மாட்டேன். வேற ஒண்ணும் பேசக்கூடாது, யாரு என்ன கேட்டாலும் இத மட்டும் சொல்லணும்னு. உள்ள போனேன். எங்க வீட்டுக்காரவுக பேசுனாக. ஓசூர்ல நல்ல பள்ளிக்கூடம் இருக்கு, எங்கம்மா வீட்டோட இருந்து பாத்துக்கிடுவா, நீ விடியக்காலம் மூணு மணிக்குக் களத்துக்குப் போனா பிள்ளைய யாரு பாப்பான்னு. எனக்கு எல்லாம் நியாயமாத்தான் பட்டுச்சு. இப்பவும் நியாயமாத்தான் இருக்கு. நியாயமா இருந்தா ஒருத்தி பிள்ளையக் குடுத்துருவாளா?"

குரல் உயரவே இல்லை. உப்பு விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனாள்.

"வாசல்ல வச்சு பிள்ளையக் கார்ல ஏத்துனாக. நான் டாட்டா காட்டுனேன். போன மாசம் லீவுக்கு வந்தவ கேக்கா, 'அம்மா, நீ ஏன் அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே டாட்டா காட்டுன'ன்னு. நாலு வயசுல நடந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கு பாருங்க. எங்கம்மை அன்னையிலருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா, ஒனக்கு நெஞ்சுல ஈரம் இல்லட்டின்னு. மத்தவ சொன்னா சண்டைக்குப் போவேன். எனக்கே அப்படித்தான தோணுது. நீங்க படிச்சவுக. அது மருந்தா, இல்ல நானே அப்படிப்பட்டவதானா? அத மட்டும் சொன்னீங்கன்னா போதும்."

மங்கை கோப்பைத் தேடி எடுத்தாள். எடுத்தபோது அவளுக்குள் ஒரு நிம்மதி இருந்ததை மறுப்பதற்கில்லை. எண் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் போதும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்கிற நிம்மதி.

"தாள் பயத்தையும் கோவத்தையும்தான் அமத்தும்மா. பாசத்தைத் தொடாது. அதுவும் ஒங்களுக்கு ரொம்பக் கம்மியாத்தான் ஏறியிருக்கு."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"கன்னத்துக்குள்ள இருக்கிற தோல் மெல்லிசு. அதுக்கு அடியிலயே ரத்தம் ஓடுது. அங்க ஒட்டுன மருந்து நேரா ரத்தத்துல கலந்துரும். ஆனா எச்சிலோட சேத்து முழுங்கிட்டா வயித்துக்குப் போவும். வயித்துலருந்து ஈரலுக்குப் போவும். ஈரல் அதக் கொன்னுரும். இருவது நிமிசம் கழிச்சு ஒங்க எச்சில்ல அனேகமா ஒண்ணுமே மிச்சமில்ல. அப்படின்னா முக்கால்வாசிய முழுங்கிட்டீங்கன்னு அர்த்தம்."

"முழுங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. நான் முழுங்கலயே."

"தெரியாம முழுங்கியிருப்பீங்கம்மா. எல்லாரும் செய்யுறதுதான்."

கனி தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டினாள். "அப்ப மருந்து இல்ல" என்றாள் தனக்குள் சொல்லிக்கொள்வது போல. பிறகு எழுந்து நடைகூடத்துக்குப் போய், தூணோரம் நின்று, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஒரு வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, டப்பியிலிருந்து சுண்ணாம்பை விரலால் வழித்து முதுகில் தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அழுவதற்குப் பதிலாகச் செய்த காரியம் என்று மங்கைக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் நின்றாள்.

"களத்துல நிக்கிற எல்லாரும் போடுவோம். வாய் கரிக்காம இருக்கும்" என்றாள் கனி, மன்னிப்புக் கேட்கிற தோரணையில். "அன்னைக்கு நீங்க வச்ச வெத்தல ஆத்தூர் வெத்தல. நல்லா இருந்துச்சு. கை நடுங்குதேன்னு மூணு போட்டேன். அவுக ஒண்ண எடுத்துக் கும்பிட்டுட்டுச் சட்டப்பையில வச்சுக்கிட்டாக. சட்டையில கறை பட்டா அவுகளுக்கு ஆவாது."

விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் துடைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள்.

தூணில் பட்ட சுண்ணாம்பைத் துடைக்க ஈரத்துணியோடு வந்த மங்கை துடைக்காமல் நின்றாள்.

வெற்றிலைத் தட்டு அவளுடைய யோசனை. மையம் தொடங்கிய புதிதில் வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். சூடு பட்டால் கன்னத்துத் தோல் மருந்தைத் தாறுமாறாக உறிஞ்சும் என்று தாளோடு வந்த கையேட்டில் இருந்ததால் காப்பியை நிறுத்த வேண்டி வந்தது. வெறும் தண்ணீரைக் கொடுத்து எதிரெதிரே உட்கார வைத்தால் ஜனங்கள் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இந்த ஊரில் நல்லபடியாகப் பேச வந்தோம் என்று காட்ட ஒரே வழிதான் உண்டு, இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுப்பது என்று அவள்தான் சொன்னாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்த பித்தளைத் தட்டு வந்தது. பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுத் தாள் ஒட்டுவாள். அந்த வருஷமே இசைந்து போகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. சென்னையில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். மற்ற மாவட்டங்களும் தட்டு வாங்கின.

கையேடு வெற்றிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெற்றிலை தெரியாத ஏதோ ஒரு ஊரில் அதை எழுதியிருந்தார்கள்.

அவள் சோதனை அறைக்குப் போய், எச்சிலின் அமில, காரத் தன்மையைப் பார்க்கிற நிறத்தாள் கட்டைத் தேடினாள். மருந்து அளக்கிற கருவியோடு வந்து பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தது. தூணில் இருந்த வெள்ளைத் தீற்றலை ஒரு சொட்டுத் தண்ணீரால் நனைத்து நிறத்தாளை வைத்தாள். கருநீலமாகிவிட்டது. எச்சில் இப்படிக் காரத்தன்மைக்குத் திரும்பினால் இந்த மருந்து தோலில் தங்கி நிற்காது, கதவு திறந்த மாதிரி உள்ளே போய்விடும். அது அவள் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதும்கூட.

அப்படியென்றால் கனியின் எச்சிலில் மிச்சம் இல்லாததற்குக் காரணம் அவள் விழுங்கியது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மங்கை இரண்டு தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவர் குற்றாலத்துக்கு நண்பர்களோடு போயிருந்தார். முதல் தாளை வெறும் வாயில் ஒட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் குப்பியில் எடுத்து வைத்தாள். ஒரு மணி நேரம் சாதாரணமாகத்தான் போனது. பால்காரர் மேலிருந்த எரிச்சல் போய்விட்டது. மற்றபடி தான் தானாகவே இருந்ததாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு வெற்றிலை போட்டாள். கனியைப் போல மூன்று. கொப்பளித்தாள். தாளை ஒட்டினாள்.

வேண்டுமென்றேதான் அந்த நினைப்பை எடுத்தாள். இருபது வருஷத்துக்கு முன் பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோன குழந்தை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை, கணவரிடமும் இல்லை. அந்த நினைப்பின் பக்கம் போனாலே அடிவயிற்றில் ஒரு இழுப்பு வரும். இத்தனை வருஷத்தில் அந்த இழுப்புதான் குழந்தையாகவே ஆகியிருந்தது. வேறு எதுவும் அதனிடமிருந்து அவளுக்கு மிஞ்சவில்லை.

அன்று குழந்தையின் விரல்களை நினைத்தாள். நகங்கள் மெல்லிய ஊதாவாக இருந்ததை நினைத்தாள். தெளிவாக நினைவு வந்தது. இழுப்பு வரவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போலத் தேடிப் பார்த்தாள். அங்கே ஈறு மூடிச் சமமாக இருந்தது. பிறக்கிற குழந்தைகளில் சிலது தங்குவதில்லை, அது உலக நடப்பு என்று தோன்றியது. நாளைக்குத் துவரம்பருப்பு வாங்க வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே எடையில் இருந்தன. கண்ணாடியில் பார்த்தாள். முகத்தில் லேசான சிரிப்பு.

ஒரு மணி நேரம் கழிந்து இழுப்பு திரும்பி வந்தது. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். குழந்தைக்காக அழுதது பாதிதான். அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்பதற்காகவும் அழுதாள்.

திங்கட்கிழமை குப்பிகளைச் சோதித்துப் பார்த்தாள். வெற்றிலை போட்ட ஞாயிற்றுக்கிழமை ரத்தத்தில், ஐந்தாவது நிமிஷத்திலேயே மும்மடங்கு ஏறியிருந்தது. எச்சிலில் மிச்சம் இல்லை.

பிறகு கோப்புகளை எடுத்தாள். தட்டு வந்த நாளிலிருந்து முடிந்த வழக்குகள் இருநூற்றுப் பதினாலு. ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள், இரண்டும் அவள் கையெழுத்தில். ஒரு தரப்பின் எச்சிலில் மிச்சம் அதிகம், மறுதரப்பில் ஒன்றுமில்லை என்று இருந்தவற்றைத் தனியாக அடுக்கினாள். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. ஒன்றுமில்லாத பக்கத்தில் எப்போதும் உப்பளத்துக்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள், வயல் வேலைக்காரர்கள், அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிற தங்கைகள். இஸ்திரிச் சட்டைக்காரர்கள் வெற்றிலையை எடுத்துக் கும்பிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்தபின் நாற்காலிக்கடியில் மடிப்புக் கலையாத வெற்றிலைகளை அவளே பொறுக்கிப் போட்டிருக்கிறாள். வீணாகிறதே என்றுதான் அப்போது பட்டது.

கனிக்குப் போன் போட்டாள்.

"அன்னைக்கு ஒங்ககிட்டத் தப்பாச் சொல்லிட்டேன்மா. மருந்துதான். வெத்தலைச் சுண்ணாம்பு பட்டு மூணு பங்கு ஏறியிருக்கு. நீங்க இல்ல."

மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. களத்தில் நின்றிருப்பாள் போலிருக்கிறது.

"கனி, கேக்குதா?"

"கேக்கு. எங்கம்மைகிட்ட நீங்களே ஒருக்காச் சொல்லுதீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டா" என்றாள். பிறகு, "பிள்ளையத் திரும்பக் கேக்க முடியுமா?"

"மனு எழுதிக் குடுங்க. என்னைச் சாட்சியாப் போடுங்க."

மறுவாரம் இயக்குநர் நெல்லையப்பன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கனியின் மனு மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் மங்கை எழுதிக் கொடுத்த நாலு பக்க அறிக்கை. இரண்டையும் படித்திருந்தார். எதையும் படிக்காமல் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"உக்காருங்க மங்கை. காப்பி சொல்லவா? வெத்தலதான் இனிமே கிடையாதே."

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

"தட்டை நேத்தே நிறுத்தியாச்சு. எல்லா மாவட்டத்துக்கும் சுற்றறிக்கை போயிருச்சு. உடல்நலக் காரணம்னு போட்டிருக்கேன், பொய் இல்ல. இனிமே ஒருத்தருக்கும் இப்படி நடக்காது. அதுக்கு ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"முன்னால நடந்ததுக்கு சார்?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மனுவை நானே ஏத்துக்கிடுதேன். லீலாவதி மேடம் முன்னால வியாழக்கிழமை மறு அமர்வு. நீங்க சாட்சி. ஒங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க, எச்சில்ல மிச்சம் எவ்வளவுன்னு. குறைவுன்னு சொல்லுங்க. அது உண்மைதான? நான் ஒங்களப் பொய் சொல்லச் சொல்லல."

"குறைவுன்னா கையேட்டுப்படி மருந்து ஏறலன்னு எழுதிக்கிடுவாங்க சார்."

"எழுதிக்கிடட்டும். மங்கை, யோசிச்சுப் பாருங்க. அந்தப் பிள்ளை ரெண்டு வருசமா ஓசூர்ல படிக்கி. கூடப் படிக்கிற பிள்ளைங்க, டீச்சர், எல்லாம் அங்கன. இப்ப பிடுங்கிட்டு வந்து உப்பளத்துல விட்டா யாருக்கு நல்லது? இது ஒண்ணு. மத்த இருநூத்திப் பதிமூணு? வீட்ட வித்துருக்கான், மறுகல்யாணம் பண்ணியிருக்கா, பிள்ளை பெத்துருக்கா. அத்தனையும் செல்லாதுன்னு சொல்லப் போறீங்களா?"

நெல்லையப்பன் அறிக்கையை மூடி வைத்தார்.

"தாள் வாரதுக்கு முந்தி இந்தக் கட்டடத்துல நான் உக்காந்திருக்கேன். நாற்காலி பறக்கும். ஒரு தகப்பன் மகனக் குத்துனத இந்த வாசல்ல வச்சுப் பாத்தேன். இப்ப அஞ்சு வருசமா ஒரு சத்தம் இல்ல. இது வெளிய வந்தா தாளையே நிறுத்திருவாங்க. திரும்பவும் கத்தியத் தூக்குவான். அந்தக் கணக்கும் நம்ம தலையிலதான் விழும்."

அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை. தாள் ஒட்டாமலே ஒருவர் இவ்வளவு நிதானமாகப் பேச முடிகிறதே என்று மங்கைக்குத் தோன்றியது. அவருக்கு இழக்க எதுவும் இல்லாததால் முடிகிறது என்று அடுத்து தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பு அவளை விடவில்லை.

வெற்றிலை ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் ஒரே அளவுதான் ஏறியது என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு பேரும் ஒரே அளவு பயத்தோடா வந்து உட்கார்ந்தார்கள்? ராஜதுரையிடமிருந்து பயத்தை எடுத்தால் மிச்சம் வேலை, வீடு, பள்ளிக்கூடம், வாதம் எல்லாம் இருந்தன. கனியிடம் பயத்தைத் தவிர வேறு வாதமே இருக்கவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்த கையே அந்தப் பயம்தான். அதை மெல்ல விரல் விரலாகப் பிரித்துவிட்டு, அவள் தானாகவே விட்டாள் என்று எழுதிக்கொண்டோம். சுண்ணாம்பு அதைச் சீக்கிரமாகச் செய்தது, அவ்வளவே.

"வியாழக்கிழமை வாரேன் சார்" என்று எழுந்தாள்.

வியாழக்கிழமை அமர்வு அறையில் ஜன்னல் திரைகள் புதிதாக இருந்தன. மேஜையில் தட்டு இருந்த இடத்தில் யாரோ ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி லீலாவதி தலைமை நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ராஜதுரை, மெலிந்த, கண்ணியமான ஆள். மகள் வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாதவன் போல மடியில் வைத்திருந்தான். மறுபக்கம் கனி. அன்று வெற்றிலை போடவில்லை. வாய் வெளிறிப்போய், முகம் யாருடையதோ மாதிரி இருந்தது.

நெல்லையப்பன் சுவரோரமாக நின்று மங்கையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"சாட்சி சொல்லுறவங்களுக்கும் தாள் உண்டு" என்றார் லீலாவதி. "ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முதல்ல ஒங்களுக்கே ஒட்டிருவோம். ரெபேக்கா."

ரெபேக்கா மங்கையோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறவள். இடுக்கியில் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "அக்கா, வாயைத் திறங்க. ஒங்களுக்கே சொல்லுறேன் பாருங்க" என்று காதருகே மெல்லச் சொல்லிச் சிரித்தாள்.

இந்த நாற்காலியில் மங்கை இதுவரை உட்கார்ந்ததில்லை. கையிரண்டும் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. கேள்வி வரும், குறைவு என்பேன், பிறகு ஏன் குறைவு என்று யாரும் கேட்காமலே சொல்ல வேண்டும், சால்வையைச் சொல்ல வேண்டும், இருநூற்றுப் பதினாலைச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து இதை நினைத்து நினைத்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

தாளை ஒட்டிக்கொண்டால் இந்த நடுக்கம் நின்றுவிடும். வெறும் வாய்தான், ஒரு பங்குதான் ஏறும். புத்தி தெளிவாகவே இருக்கும். குறைவு என்று சொல்லுவேன். நெல்லையப்பன் சொன்னதும் நியாயம்தான், கனி சொல்வதும் நியாயம்தான் என்று தெரியும். பிள்ளை ஓசூரில் நன்றாகப் படிக்கிறது என்பதும் தெரியும். அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்று எழுந்து வந்துவிடுவேன். வருத்தமே இருக்காது.

மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல், கோப்பு கோப்பாக இழுத்துக்கொண்டு இந்த அறை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது வெட்கம் ஒன்றுதான். அது போய்விட்டால் இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

"அக்கா" என்றாள் ரெபேக்கா.

எதிரே கனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது தன் முறைதான் என்று, யாரும் சொல்லாமலே வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள்.

மங்கை இடுக்கி பிடித்த கையை மெல்ல விலக்கினாள்.

"எனக்கு வேண்டாம்மா."

லீலாவதி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "மங்கையர்க்கரசி, ஒருத்தர் ஒட்டலன்னாலும் இது இசைவு அமர்வு ஆகாது. கோப்பு அப்படியே நீதிமன்றத்துக்குப் போயிரும். அங்க இது ஒண்ணோட விட மாட்டாங்க. பழசெல்லாம் கேப்பாங்க. ஒங்களயும் கூண்டுல ஏத்துவாங்க. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

சுவரோரத்தில் நெல்லையப்பன் அசையவில்லை. ராஜதுரை மடியிலிருந்த படத்தைத் திருப்பி வைத்தான்.

லீலாவதி பேனாவை மூடினார். அடுத்துப் பேசிய குரலில் அதட்டல் இல்லை. "ஒங்க கை எப்படி ஆடுது பாருங்க. பயமா இருந்தா அதுக்குத்தானம்மா இது. ஒட்டிக்கிட்டு இருவது நிமிசம் உக்காருங்க, சரியாப் போகும்."

"பயமாத்தான் இருக்கு மேடம்" என்றாள் மங்கை. "இருக்கட்டும்."